மெழுகு தடவாத கூடு

எங்கள் ஐடஹோ மலைப்பக்கத்தில் இன்னொருவர் வீட்டில் வெடிமருந்து அடைத்த தோட்டாவை யாரும் தன் துப்பாக்கியில் போடமாட்டார்கள். கன்னத்தை ஒட்டி வெடிக்கிற பொருள், அடைத்தவன் கை எப்படிப்பட்டதென்று யாருக்குத் தெரியும்? நான் மட்டும் முப்பது வருஷமாக அண்ணன் ஆர்வில் அடைத்ததைத்தான் சுடுகிறேன். அவனை நம்பின அளவுக்கு என் புருஷனைக்கூட நம்பியதில்லை. புருஷனுக்கும் அது தெரியும், பாவம்.

எல்க் மான் வேட்டை சனிக்கிழமை தொடங்குகிறது. வியாழக்கிழமை மதியம், துப்பாக்கி வாரின் திருகு கழன்றுவிட்டதென்று ஸ்க்ரூ டிரைவர் தேடி அவன் கராஜுக்குப் போனேன். மூன்றாவது டிராயரில் பழைய துணிக்கு அடியில் ஒரு காபி டப்பா இருந்தது. தூக்கினால் கனம். உள்ளே நான்கு எஃகு அச்சுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளைக் கூடு சிக்கி நின்றது.

சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு சற்று உப்பிவிடும். அதை மறுபடி அடைக்குமுன் அச்சுக்குள் அழுத்தி இறுக்க வேண்டும். அழுத்துமுன் விரலால் மெழுகு தடவ வேண்டும், இல்லையென்றால் பித்தளை அச்சைக் கவ்விக்கொள்ளும், இழுத்தாலும் வராது. இப்படி ஒருமுறை யாருக்கும் நடக்கும். அண்ணனுக்கு அந்த ஒருமுறைகூட நடந்ததில்லை. இப்போது நான்கு, அதுவும் துணிக்கு அடியில்.

மேஜையில், கூட்டை அழுத்துகிற பிரஸ்ஸில் புது அச்சு மாட்டியிருந்தது. பக்கத்தில் அடைத்து முடித்த ஒரு பெட்டி. மேலே அவன் கையெழுத்து: 'ஷானாவுக்கு. இருபது. அடைத்தது ஆர்வில்.' ஷானா அவன் மகள். நாளை பாய்சி நகரத்திலிருந்து வருகிறாள், சனிக்கிழமை விடியலில் இந்தப் பெட்டியோடு மலையேறுவாள்.

அவன் காபிக் கோப்பையோடு உள்ளே வந்தான்.

“அண்ணே, இது என்ன?”

“டப்பா.”

“டப்பான்னு எனக்கும் தெரியும். உள்ள இருக்கிறது?”

“உன்னை யாருடி நோண்டச் சொன்னது? சின்ன வயசுலேர்ந்து இதே புத்தி.”

“எப்போலேர்ந்து?”

கோப்பையை வைக்க இடம் தேடுகிறவன்போல மேஜையையே பார்த்தான். “பனி உருகுனதுலேர்ந்து. தடவிட்டேன்னுதான் நெனைக்கிறேன், ட்வைலா. ஒவ்வொரு தடவையும். அழுத்துனா உள்ள போயி நின்னுக்குது. அப்பதான் தெரியுது.”

“மெழுகை மறந்தா அச்சு காட்டிக்கொடுத்துரும். வெடிமருந்தை மறந்தா யாரு சொல்லுவா?”

“மருந்து வேற. அதுல நான் மறக்கமாட்டேன்.”

“நாலு தடவை மறந்துட்டு ஒளிச்சு வச்ச ஆள் பேசற பேச்சா இது?”

சொன்னதும் என் வாயை நானே தைத்துக்கொள்ளலாம்போல இருந்தது. அவன் முகம் சிவந்துவிட்டது. “என் பொண்ணுக்கு நான் அடைச்சது. அவ பன்னெண்டு வயசுலேர்ந்து என் தோட்டாவைத்தான் சுடறா.”

“சரி, பிரிச்சுப் பாப்போம். இருபதும் சரியா இருந்தா நான் சுட்டு வச்சிருக்கிற ஆப்பிள் கேக்கு முழுசும் உனக்கு. ஒரு துண்டுகூடக் கேக்கமாட்டேன்.”

“ஒரு துண்டு தரேன். பிச்சையா நெனச்சு வாங்கிக்கோ.”

ஒவ்வொன்றாகக் குண்டைக் கழற்றி, மருந்தைத் தராசுத் தட்டில் கொட்டினோம். முதல் தோட்டா சரி. இரண்டாவது சரி. முள் அசையாமல் அதே கோட்டில் நின்றது. ஏழு, எட்டு என்று போகப்போக அவன் முதுகு நிமிர்ந்தது. பதினொன்றாவது முடிந்ததும், “கேக்கை எடுத்துட்டு வா,” என்றான். நான் தோற்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவதைக் கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை. தட்டினான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். துளி மருந்துகூட இல்லை.

இதைச் சுட்டால் கூட்டின் அடியிலிருக்கிற சின்ன வெடிக்கேப் மட்டும் வெடித்துக் குண்டைத் துப்பாக்கிக் குழாய்க்குள் பாதி வழி தள்ளும். 'டப்'பென்று சின்னச் சத்தம். மான் நிற்கிற அவசரத்தில் ஷானா அடுத்ததைப் போட்டு விசையை அழுத்துவாள். குழாய் அவள் முகத்தருகே வெடிக்கும். எங்கள் இருவருக்கும் இதைச் சொல்லித்தர யாரும் வேண்டியதில்லை.

“ஷானா,” என்றான். அவ்வளவுதான். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். எனக்குக் கோபமாக வந்தது, அவன்மேலா கடவுள்மேலா என்று தெரியவில்லை. பிறகு அழுதேன். அவன் அழவில்லை.

வெடிமருந்து அலமாரிச் சாவியை வளையத்திலிருந்து கழற்றி என் கையில் வைத்தான்.

“மிச்சத்தையும் பிரிச்சுடு. இனி நீ அடை. நான் அந்தப் பக்கம் வரல. பெட்டியில உன் பேரை எழுது.”

“அவ கேப்பாளே.”

“நானே சொல்லிக்கிறேன்.”

பெட்டியில் அவன் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதினேன். அவன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, யாரோ இறக்கிவைத்துப்போன சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

“மெழுகு யாரு தடவறது? என் விரல் வாதத்துல மடங்கலை. சும்மா உக்காந்திருக்காம தடவிக்குடு.”

அவனுக்குப் புரிந்தது. அதில் தப்பினால் அச்சு ஒன்று பாழாகும், யாருக்கும் காயம் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான். போன வருஷம் சுட்ட கூடுகளை வாளியிலிருந்து எடுத்துப் புதிதாகத் தொடங்கினோம். அவன் தடவித் தர, நான் வாங்கி அழுத்தினேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உருட்டுகிற அந்த உருட்டு மாறவே இல்லை.

ஒன்பதாவது கூடு என் கைக்கு மெழுகில்லாமல் காய்ந்து வந்தது. அவன் அடுத்ததைக் குனிந்து எடுக்கையில், மெழுகு டப்பாவைத் தொட்டு நானே தடவி, பிரஸ்ஸின் பிடியை அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு போய்வந்தது.

“எல்லாத்துலயும் தடவினேனா?”

“தடவின.”

அவனிடம் நான் சொன்ன முதல் பொய். அவன் என் கையைப் பார்த்தான்.

“உன் விரல்ல மெழுகு இருக்கு, ட்வைலா,” என்றபடி துடைக்கத் துணியை நீட்டினான்.

பத்தாவதைத் தடவினான். என்னிடம் தருமுன், விளக்கு வெளிச்சத்தில் சுற்றிலும் திருப்பி என் கண்ணெதிரே காட்டினான். நான் தலையாட்டிய பிறகுதான் கொடுத்தான். இருபதாவது வரை அப்படித்தான் கொடுத்தான்.