முப்பத்திரண்டாம் கேள்வி

எலக்ட்ரீசியன் மகள் எழுதிய வேதியியல் விடைத்தாளில் முப்பத்திரண்டாம் கேள்வியிலிருந்து மட்டும் உப்புத்தண்ணீர் ஊறியது. மற்ற விடைகள் எல்லாம் காய்ந்தே இருந்தன. கேள்வி ஒன்றும் பிரமாதமில்லை: அயனிச் சேர்மங்கள் எப்போது மின்சாரத்தைக் கடத்தும்? அவள் எழுதி முற்றுப்புள்ளி வைத்ததும் தாள் வியர்க்கும், மை கரையும், மேசை விளிம்பில் சொட்டும். வேதியியல் வாத்தியார் இரண்டு வருடமும் அந்த இடத்தில் முட்டை போட்டார். அந்த ஐந்து மதிப்பெண் போனதில் இரண்டு வருடமும் அவள் ஃபெயில். வாத்தியாரைக் குறை சொல்ல முடியாது. படிக்க முடியாததற்கு எப்படி மதிப்பெண் போடுவார்?

அவளுக்கோ அது தலைகீழாக மனப்பாடம். அவள் அப்பா உப்பு ஆலையில் மோட்டாரைப் பழுதுபார்க்கப் போய், தரையில் தேங்கிய உப்புநீரில் நின்றபடி ஷாக் அடித்துச் செத்தார். விசாரிக்க வந்த அதிகாரி பள்ளிப் பாடப்புத்தகத்தைப் புரட்டி, திடநிலையில் உப்பு மின்சாரத்தைக் கடத்தாது என்ற வரியைப் பார்த்து எழுதிக்கொண்டு, சாவுக்குக் காரணம் இறந்தவரின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார். தண்ணீரில் கரைந்தால் கடத்தும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. ஒரு பக்கம் திருப்ப அந்த மனுஷனுக்குக் கை வரவில்லை.

"நீ பாஸாகி மனு எழுதும்மா. ஃபெயிலான பிள்ளை பாடத்தைப் பத்திச் சொன்னா எவன் கேப்பான்? உங்கப்பா பேருல இருக்கற அந்த ஒரு வார்த்தையை அடிச்சாப் போதும் எனக்கு" என்றாள் அம்மா.

மூன்றாம் வருடம் புதிதாக வந்த டீச்சர், சொட்டிய தாளை ஜன்னலோரம் வெயிலில் காயப்போட்டார். மாலைக்குள் நீர் வற்றி, எழுத்துகள் வெள்ளைவெளேரென்று உப்பில் எழும்பி நின்றன: கரைசலில் அயனிகள் தடையின்றி நகரும், ஆகவே மின்சாரம் கடத்தும், எடுத்துக்காட்டு என் அப்பா. டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். ஐந்துக்கு ஐந்து போட்டார்.

பாஸானவள் அந்தத் தாளையும் சேர்த்து மனுக் கொடுத்தாள். "பரீட்சைப் பேப்பரெல்லாம் சாட்சி ஆகாதும்மா" என்று சொல்லி, அன்று விசாரித்த அதே அதிகாரி அதைக் கோப்பில் போட்டு ஆவண அறை அலமாரியில் வைத்தார். கவனக்குறைவு என்ற சொல் இன்றும் அப்படியே இருக்கிறது. அம்மா இரண்டு வருடம் ஆபீசில் போய்க் கேட்டுப் பார்த்தாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

அலமாரியிலிருந்து உப்புத்தண்ணீர் கசியத் தொடங்கி இது பதினோராம் வருடம். தினமும் இரண்டு வேளை துடைக்கிறார்கள். உள்ளே போகுமுன் மெயின் சுவிட்சை அணைக்கவும், தரையில் உப்புநீர், ஷாக் அடிக்கும் என்று அதே அதிகாரி கையெழுத்துப் போட்ட அறிவிப்பு கதவில் ஒட்டியிருக்கிறது. எல்லோரும் அதன்படியே நடக்கிறார்கள்.