முண்டு விழுந்த பப்பாசி

விவசாயப் போதனாசிரியை தாட்சாயினி காயை இரண்டாக வெட்டினாள். வெளியே முண்டும் முடிச்சுமாக, உள்ளே விதையில்லாமல் சூம்பிக் கிடந்தது.

“அண்ணை, இதுக்கு ஒருத்தரும் களைநாசினி அடிக்கேல்லை. மண்ணிலை போரன் சத்துக் காணாது.”

தோட்டத்துச் சொந்தக்காரர் தவராசாவின் காது மடல் சுட்டது.

கதிரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மகள் யதுர்ஷிகா நிமிர்ந்தாள். “போரன் உலோகப்போலி அப்பா. உலோகமும் இல்லை, அல்லுலோகமும் இல்லை. ரெண்டுக்கும் நடுவிலை.”

“நீ படி.”

போன மாதம் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நின்று அவர் கத்தியிருந்தார், பக்கத்துக் காணி ஆண்டியப்பன் எரிச்சலில் இந்தப் பப்பாசிக்கு மருந்தடித்துவிட்டான் என்று. “மலைநாட்டிலையிருந்து வந்தவைக்கு எங்கடை தோட்டம் கண்ணுக்கை குத்துது” என்றும் சொன்னார். சாமான் வாங்க வந்த ஆண்டியப்பன் வெறும் பையோடு திரும்பிப் போனான். அன்றே, தன் கிணற்றிலிருந்து அவன் மிளகாய்க்குப் போன குழாயைத் தவராசா கழற்றி எறிந்தார்.

இப்போது அந்தக் குழாயையே தோளில் போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டினார். ஆண்டியப்பனும் மனைவி கமலேஸ்வரியும் காய்ந்த மிளகாய்ச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

“பிழை என்னிலைதான், ஆண்டியப்பன். குழாயைப் பூட்டிவிடுறன்.”

“எதுக்குங்க? செடிதான் செத்துப்போச்சே.”

“மன்னிச்சுக்கொள்.”

“இங்க சொன்னா வேலிக்குத்தாங்க கேக்கும். நம்ம கடையில முகம் காட்ட முடியாம, உப்பு வாங்கக்கூட நான் ஸ்கந்தபுரத்துக்குப் போறேன்.”

கமலேஸ்வரி, “சும்மா இருங்க” என்று அவன் கையைத் தட்டினாள். அவன் அடுத்த செடியைப் பிடுங்கினான்.

பின்னேரம் தவராசா சங்கக்கடைக்குப் போனபோது நல்ல கூட்டம். ஸ்கந்தபுரத்துக்குப் போகிற வழியில் ஆண்டியப்பன் வெறும் பையோடு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றான்.

“என்னண்ணை, மருந்தடிச்சவனுக்கு எதிராய்ப் பொலிசிலை முறைப்பாடு போடேல்லையோ?” என்றான் கடைக்கார ரூபன்.

“அது மருந்தில்லையடா. மண்ணிலை போரன் காணாதாம்.”

“போரனோ? அதென்ன, இரும்பு மாதிரி உலோகமோ?”

“உலோகப்போலியாம். அதுவுமில்லை, இதுவுமில்லை.”

“உங்கடை கதை மாதிரி எண்டு சொல்லுங்கோ.”

எல்லாரும் சிரித்தார்கள். தவராசாவும் சிரிக்கப் பார்த்தார். இத்தோடு விட்டுவிடலாம் போலிருந்தது. திரும்பிப் பார்த்தார். ஆண்டியப்பன் மரத்தடியிலிருந்து ஓர் அடியும் அசையவில்லை.

கூட்டத்தின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

“ஆண்டியப்பன் ஒண்டும் செய்யேல்லை. நான்தான் அநியாயமாய்ப் பழி போட்டனான். தண்ணியை மறிச்சு அவன்ரை தோட்டத்தையும் அழிச்சுப்போட்டன். மலைநாட்டுக் கதையும் கதைச்சிருக்கக் கூடாது.”

யாரும் சிரிக்கவில்லை. ரூபன் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினான். தவராசா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நிமிர முடியவில்லை.

பக்கத்தில் பை சரசரத்தது.

“ஒரு கிலோ உப்புக் குடுங்க தம்பி” என்றது ஆண்டியப்பனின் குரல்.