பக்க வரிசை

படக்கதைகளின் பேச்சுக்குமிழிகளுக்குள் தமிழ் எழுத்துகளை அடுக்குவதுதான் அவர் பிழைப்பு. குமிழி வெறுமையாக வரும், வசனம் தனித்தாளில் வரும். மூலத்தில் மூன்று சொல்லில் முடிந்த பேச்சு தமிழில் காலை நீட்டிப் படுக்க இடம் கேட்கும். வெட்டிச் சுருக்கி உட்காரவைக்க வேண்டும். இருபது வருடம் குரங்கு, முயல், கொள்ளைக்காரன் என்று காலம் தள்ளியவருக்குக் கிரேக்கப் புராணம் என்று ஒன்று இருப்பதே இந்த வருடத் தொடர் வந்த பிறகுதான் தெரியும்.

தெரிந்ததும் பைத்தியமாகிவிட்டார். அந்தத் தேவர்கள் நம் சொந்தக்காரர்களைவிட மோசம். ஒருவனுக்குக் கோபம் வந்தால் ஊரே காலி. "இதுங்களைக் கும்பிட்டவங்க எப்படித்தான் தூங்கினாங்களோ!" என்று மனைவியிடம் சொல்லி மாய்ந்தார். அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். முடித்த பக்கங்களைத் தினமும் மத்தியானம் அங்கே எடுத்துப்போவார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பிழை திருத்துவது அவள்தான்.

இரண்டாவது ஆபரேஷனுக்கு அவள் இன்னும் சம்மதிக்கவில்லை. செய்தாலும் பிழைப்பது கஷ்டம், செய்யாவிட்டால் வழியே இல்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கதை வந்தது. செத்துப்போன மனைவியைக் கூட்டிவரப் பாதாளத்துக்கே இறங்கிய பாட்டுக்காரன் கதை. இருவரும் வெளியே வரும்வரை பின்னால் வருபவளை அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர்கள் படியேறத் தொடங்கும் இடத்தோடு அன்றைய பக்கங்கள் தீர்ந்தன.

"அவ மேல வந்துட்டான்னா நானும் கையெழுத்துப் போடுறேன்" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். விளையாட்டுக்குச் சொன்னதையும் செய்துவிடுகிறவள் அவள்.

வியாழக்கிழமை கடைசி மூன்று பக்கங்கள் வந்தன. பாவி, திரும்பிப் பார்த்துவிட்டான். அவள் இருட்டுக்குள் விழுந்துவிட்டாள்.  அவர் பக்க எண்களை அழித்தார். விழும் பக்கத்தை முன்னால் நகர்த்தி, இருவரும் படியேறும் பக்கங்களைக் கடைசியில் வைத்தார். விழுகிறவள் விடைபெறும் வசனத்தை எடுத்துவிட்டு "பயமாயிருக்கிறது" என்று போட்டார். தடுக்கி விழுந்தவள் எழுந்து ஏறிவருவதுபோல் ஆயிற்று. அச்செடுத்துப் பார்த்தபோது அவருக்கே நிம்மதியாக இருந்தது.

மனைவி படித்தாள். மறுபடி புரட்டினாள்.

"பக்கம் மாறியிருக்குங்க. முன்னாடி இருக்குற இதுல வெயில் அவன் மூஞ்சியிலேயே அடிக்குது. பின்னாடி இருக்குறதுல வெளிச்சம் புள்ளி மாதிரி தூரத்துல இருக்கு. அப்போ இதுதானே கடைசி?"

பழக்கதோஷம், பேசிக்கொண்டே தாள்களைச் சரியாக அடுக்கிவிட்டாள். அடுக்கிய பிறகுதான் கதை பாட்டுக்காரன் மனைவி விழும் படத்தோடு முடிவதைப் பார்த்தாள். கை நின்றது.

"நீங்க இந்த மாதிரி தப்பெல்லாம் பண்ண மாட்டீங்களே" என்றாள்.

அவர் தாள்களை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

"டாக்டர்கிட்ட வேணாம்னு சொல்லிடுங்க."

"ஐயோ, யாரோ எப்பவோ கட்டிவிட்ட கதை அது. அதைப் போய்..."

"கதைக்காகச் சொல்லலைங்க. நான் பொழைச்சு வருவேன்னு நீங்க நம்பியிருந்தா, இதை அப்படியே கொண்டுவந்து காட்டியிருப்பீங்க."

 அவர் பேனாவை எடுத்து, அவள் அடுக்கிய வரிசையிலேயே பக்கங்களுக்கு எண் போட்டார்.