உன் பால்தான் குடிக்கிறான்

மருத்துவமனைகளுக்கு இரத்தப் பரிசோதனை இயந்திரம் பொருத்திக் கொடுப்பது அவள் வேலை. பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியதுமே வெளியூர் போகச் சொல்லிவிட்டார்கள். "ஒரு வாரம்தானே, இதுக்குப் போய் யோசிக்கலாமா?" என்றார் மேலாளர். அவள் முடியாதென்றால் அந்த நாற்காலிக்கு ஆள் காத்திருந்தது. தூக்கத்தைத் தொலைத்துப் பால் பீய்ச்சி, பைகளில் அடைத்து, ஃப்ரீசரை நிரப்பிவிட்டுத்தான் கிளம்பினாள்.

போன இடத்தில் பிரசவ வார்டெல்லாம் இருந்தது. ஆனால் பால் எடுக்க அவளுக்குக் கிடைத்தது, கையுறைப் பெட்டிகள் அடுக்கிய சாமான் அறை. தாழ்ப்பாள் கிடையாது. ஒரு பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து பம்ப்பைப் பொருத்துவாள். வேளை தவறினால் மார்பு கல்லாய்க் கட்டிக்கொள்ளும். தவறிக்கொண்டே போனால் வற்றிவிடும்.

"மேடம், மறுபடியும் ஸ்டோருக்கா? அங்க என்ன புதையலா இருக்கு?" என்பார் லேப் பொறுப்பாளர், எல்லோர் காதிலும் விழும்படி. சிரித்து மழுப்பிவிட்டுப் போவாள்.

பாதி வாரத்தில் பால் குறைந்தது. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் புட்டியின் அடி நனைந்ததோடு சரி. பயந்துபோய்க் கணவனைக் கூப்பிட்டாள். அவன் வீடியோவில் பிள்ளையைக் காட்டினான். நாத்தனார் மடியில் கிடந்து புட்டியை மொச்சு மொச்சென்று சப்பிக்கொண்டிருந்தான்.

"பாரு, உன் பால்தான் குடிக்கிறான்."

அந்தச் சத்தத்துக்கே அவளுக்குச் சுரந்துவிட்டது. அதன்பிறகு வேளை தவறாமல் கூப்பிட்டு, அவன் குடிப்பதைப் பார்த்துப் பார்த்தே பால் எடுத்தாள்.

ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு வீடு வந்து ஃப்ரீசரைத் திறந்தால், ஒரு பைகூட இல்லை. அடுப்பு மேடையில் பால்பவுடர் டின் இருந்தது.

"அது கெட்டுப்போச்சு அண்ணி," என்றாள் நாத்தனார். "உருகினதும் சோப்பு வாடை. நீங்க போன அன்னிக்கே சிங்க்ல ஊத்திட்டேன்."

"கெடல. சில பேருக்கு உறைய வெச்சா அப்படித்தான் வாடை வரும், குடுக்கலாம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"அண்ணன்தான் சொல்ல வேணாம்னான்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "அப்போ வீடியோல குடிச்சது?"

"டின் பால்தான். சொன்னா நீ வேலையைப் போட்டுட்டு ஓடி வந்திருப்ப. உன் நல்லதுக்குத்தான்."

பிள்ளையை வாங்கி மார்பில் வைத்தாள். ஒரு வாய் சப்பிவிட்டு, விறைத்துக்கொண்டு அலறினான். புட்டியில் பால் தானாக வரப் பழகியவனுக்கு உறிஞ்சப் பொறுமையில்லை. தூக்கக் கலக்கத்தில் கொஞ்சம் குடிப்பான். விழித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். விடாமல் போராடிப் பார்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பால் நின்றேவிட்டது.

அடுத்த ஊருக்கு அவள் பெட்டி கட்டும்போது கணவன் சொன்னான்: "ஒரு வகையில நல்லதாப் போச்சு. இனிமே எங்க வேணாலும் நிம்மதியா போய்ட்டு வரலாம்."

இப்போதெல்லாம் அவன் என்ன சொன்னாலும் அவளுக்கு நம்பிக்கை வருவதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டு, சாப்பிட்டேன் என்று அவன் சொன்னால்கூட.