கொன்ராட்டுக்கு நான் செய்த தொப்பி

கொன்ராட்டின் முனைவர் தொப்பியை நான்தான் செய்வேன் என்று கேட்டு வாங்கினேன். துறையில் எல்லோரும் என் பெருந்தன்மையைப் பாராட்டினார்கள். பாராட்டட்டும்.

இந்த நாட்டில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்ததும், கூட வேலை செய்பவர்கள் அட்டையில் தொப்பி செய்து தலையில் வைப்பார்கள். ஆய்வோடு சேர்ந்த சாமான்களெல்லாம் அதில் ஒட்டியிருக்கும். எங்கள் துறையில் புது முனைவர் ஒவ்வொன்றுக்கும் எல்லோர் முன்னாலும் விளக்கம் சொல்ல வேண்டும்.

எங்கள் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருந்த பழங்காலச் சிறைதான் என் ஆய்வு. அந்தக் காலத்தில் குடித்துக் கலாட்டா செய்த மாணவர்களை அங்கே அடைப்பார்கள். அவர்கள் மெழுகுதிரிக் கரியால் தங்கள் பக்கவாட்டு முகத்தைச் சுவரில் வரைந்துவிட்டுப் போனார்கள். எந்த முகம் யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே விறைத்தேன். எழுதியதைப் படிக்கத் தரச் சொல்லி, பக்கத்து மேசைக் கொன்ராட் கேட்டான். கொடுத்தேன். அது அவனுடைய ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக வந்தது. அந்த அறைக்குள் அவன் காலே வைத்ததில்லை.

எங்கள் இருவருக்கும் வழிகாட்டியான பேராசிரியையிடம் போய்ச் சொன்னேன். "பக்கத்துப் பக்கத்து மேசைக்காரருக்கு ஒரே யோசனை வருவது சகஜம். நீங்கள் வேறு தலைப்புப் பாருங்கள்" என்றார்.

"விடு பிள்ளை, அவையோட கொழுவி வெல்ல ஏலாது" என்றார் அம்மா தொலைபேசியில்.

என்னால் விட முடியவில்லை. வயிறு பற்றி எரிந்தது.

தொப்பியைச் சுற்றி, கறுப்புத் தாளில் முகங்களை வெட்டி ஒட்டினேன். எல்லாம் சுவரில் உள்ளவை, ஒன்றைத் தவிர.

தேர்வு முடிந்து முற்றத்தில் கூட்டம் கூடியது. கொன்ராட் தொப்பியைக் கையில் சுழற்றி, முகம் முகமாகக் கதை அளந்தான். அந்தக் கால மாணவர் குல்லா போட்ட, மூக்குக் கொஞ்சம் தூக்கிய முகத்தைத் தொட்டு, "இது யார்?" என்று நானே கேட்டேன்.

"சட்ட மாணவன். காவல்காரனை அடித்துவிட்டு உள்ளே போனவன். கதவுக்கு மேலே தன்னை வரைந்திருக்கிறான்."

நான் தொப்பிக்குப் பக்கத்தில் போய்ப் பக்கவாட்டாகத் திரும்பி நின்றேன். முதலில் சிரித்தது, மகனைப் பார்க்க வந்திருந்த கொன்ராட்டின் அம்மாதான். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

பேராசிரியை என் மூக்கையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த அத்தியாயத்தை யார் எழுதியது, கொன்ராட்?"

அவன் தொப்பியை என் கையில் திணித்தான்.

"ஆரணி, நாளைக்கு உங்கள் அத்தியாயத்தோடு என் அறைக்கு வாருங்கள்" என்றார்.

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை. ஆசை தீரப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா அழைத்தார். "சாப்பிட்டனியே பிள்ளை?"

"ஓம் அம்மா," என்றேன். "வயிறு நிறைஞ்சு போச்சு."