இடப்பக்கத்து வெளிச்சம்

மகாதேவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். இடது பாதி முகம் தெரியாத படம் கிடைத்தால் அறுபதாம் கல்யாணம் நடக்கலாம். இல்லையென்றால் எதுவும் வேண்டாம்.

பக்கவாதம் வந்துபோன பிறகு கையும் காலும் பெரும்பாலும் திரும்பிவிட்டன. முகத்தின் இடது பாதி மட்டும் இறங்கியபடியே நின்றுவிட்டது. அங்கே தொடுவுணர்ச்சியும் இல்லை. சவரம் செய்யும்போது வேறு யாருடைய கன்னத்தையோ மழிப்பது போலிருக்கும். அதற்காக அவர் வருந்தவும் இல்லை. அமைச்சகத்தில் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்துப் போட்டபோதும், மகள் போனில் அழுதபோதும், உள்ளே ஒன்றும் அசையவில்லை.

அவர் மனைவி அனந்தலக்ஷ்மி, முருகன் கோயிலான மலை மந்திரில் நாள் குறித்துவிட்டு வந்திருந்தாள். அழைப்பிதழில் போடத் தம்பதியாக ஒரு படம் வேண்டும். ஆர்.கே.புரம் மார்க்கெட்டின் மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்த ப்ரீதாவிடம் போய் நிபந்தனையைச் சொன்னாள். ப்ரீதா டில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பாஸ்போர்ட் படங்களுக்கு நடுவே நேரம் கிடைத்தால் முகங்களை வைத்து ஏதாவது புதிதாகச் செய்து பார்ப்பாள். பாதி முகம், நீர் வழியும் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் என்று சுவர் முழுக்க மாட்டியிருந்தாள். படம் எடுக்கப் போன அன்று மகாதேவன் அவற்றையெல்லாம் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை.

கல்யாணத்தன்று உடுத்துவது போலவே, அவர் பஞ்சகச்சமும் வெற்று மார்பில் அங்கவஸ்திரமும், அவள் மடிசாருமாக வந்து நின்றார்கள். ப்ரீதா வலப்பக்கம் ஒரே ஒரு விளக்கை வைத்தாள். இடப்பக்கம் வெளிச்சத்தை விழுங்கக் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டாள். வரிசையாகச் சில படங்கள் எடுத்துக் கணினித் திரையில் காட்டினாள். மகாதேவனின் நல்ல பாதி முகம் பழைய அதிகாரியின் முகமாக அமைதியாக இருந்தது. மறுபாதி இருட்டில் போயிருந்தது. அவருக்கு இடப்பக்கம் நின்ற அனந்தலக்ஷ்மியும் அதோடு போய்விட்டாள். மூக்குத்தி மட்டும் மினுங்கியது.

வலப்பக்கம் வந்து நிற்கும்படி ப்ரீதா சொன்னதற்கு அவள் ஒப்பவில்லை. ஆசீர்வாதம் வாங்கும் தம்பதியில் மனைவிக்கு இடப்பக்கம்தான் என்றாள்.

"என் மூஞ்சி எதுக்கு? மூக்குத்தி தெரியறதோல்லியோ, போறும்."

ப்ரீதா சற்று யோசித்தாள். இப்போதைக்கு வலப்பக்கம் நில்லுங்கள், பிறகு கணினியில் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுகிறேன் என்றாள். அப்படியே எடுத்துத் திருப்பியும் காட்டினாள். மாமி இடப்பக்கம் வெளிச்சத்தில் நின்றாள். மகாதேவனுக்கு நோயே வராத ஓர் இடது முகம் கிடைத்திருந்தது.

அனந்தலக்ஷ்மி திரையருகே குனிந்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"அடிப்பாவி, என்னை ஐயங்காராத்து மாமியா ஆக்கிட்டியே."

ஐயர் வீட்டு மடிசாரில் தலைப்பு வலது தோளில் வரவேண்டும். படத்தில் அது இடது தோளுக்கு மாறியிருந்தது. ப்ரீதாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவளும் சிரித்தாள்.

"பூணூலைப் பாரு," என்றார் மகாதேவன் குழறலாக.

பூணூல் வலது தோளிலிருந்து இறங்கியது. இறந்தவர்களுக்குக் காரியம் செய்யும்போதுதான் அப்படிப் போட்டுக்கொள்வது. அனந்தலக்ஷ்மியின் சிரிப்பு நின்றுபோனது. ப்ரீதாவிடம் அவள் காரணத்தைத் தணிந்த குரலில் சொன்னாள். மகாதேவன் மட்டும் கலக்கமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். படம் சரியாகத்தான் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தோன்றியது.

ப்ரீதா மன்னிப்புக் கேட்டு அதை அழித்தாள். முதலில் எடுத்த படங்களில் மாமியை இருட்டிலிருந்து மீட்க முடியுமா என்று வெளிச்சத்தைக் கூட்டினாள். இருட்டு விலகியது. மாமியின் முகம் வந்தது. அவருடைய இடது முகமும் வந்தது.

முதல் படத்தில் இறங்கிய உதட்டோரம் எச்சில் கோடாக வழிந்திருந்தது. அடுத்ததில் அனந்தலக்ஷ்மியின் கை, கைக்குட்டையோடு, அவர் தாடையோரம் இருந்தது. அதற்கடுத்ததில் உதடு உலர்ந்திருந்தது. அவள் நேராக நின்று காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கவஸ்திரத்தைச் சரிசெய்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். வீட்டிலும் சட்டைக் காலரைச் சரிசெய்கிறாள் என்றே நினைத்து, வந்தவர்கள் முன்னால்கூட, சும்மா இரேன் என்று சிடுசிடுத்திருக்கிறார். அவள் ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை. உலகத்தில் அன்பு பெரும்பாலும் இப்படித்தான், வாங்குகிறவனுக்கே தெரியாமல் வந்து போகிறது. முருகன் நமக்குச் செய்வதும் அநேகமாக இந்த விதமாகத்தான் இருக்கும்.

"எப்பவும் இதைத்தான் பண்ணிண்டிருந்தியா?" என்று கேட்டார்.

"எதைன்னா?" என்றாள் அவள், திரையைப் பார்க்காமல்.

அவர் நெஞ்சில் எதுவும் இளகவில்லை. அழவேண்டும் என்று தெரிந்தது; அழுகை வரவில்லை. எழுந்து போய்ப் பழைய இடத்தில் நின்றார். மனைவியை இடப்பக்கம் வரச் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் லைட் போடும்மா."

"மாமா, லெஃப்ட் சைடு தெரியுமே?"

"தெரியட்டும். அவ அங்கதானே நிக்கறா."

ப்ரீதா கறுப்புத் துணியைக் கழற்றி, இடப்பக்கம் இன்னொரு விளக்கைப் போட்டாள். அனந்தலக்ஷ்மியின் விரல்கள் வழக்கம்போல அங்கவஸ்திரத்தின் ஓரத்துக்குப் போயின.

"நன்னாத் துடை," என்றார் மகாதேவன், ப்ரீதாவுக்கும் கேட்கும்படி. "அவசரமில்லே."

கை பட்டதா, எடுத்தாயிற்றா என்று அவருக்குத் தெரியவில்லை. காமிராவுக்குப் பின்னால் நின்றவளைக் கேட்டார்.

"துடைச்சாச்சா?"

"ஆச்சு மாமா."

"அப்போ எடு."