சம்பளம் விசாரித்தவர்

கல்விக்கடன் ஆபீஸ் கதவை அவன் காலால் உதைத்துத்தான் திறந்தான். எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் சேர்ந்து முழுசாக ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் மாதத் தவணை இரண்டு மடங்காகிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டால் மிச்சச் சம்பளம் அறை வாடகைக்கே காணாது. வயிறு எரியாமல் என்ன செய்யும்? கூடவே அப்பா, கையில் ஹெல்மெட்டோடு. மகனுக்கு நியாயம் வாங்கித் தரக் கிளம்பி வந்த மகராசன்.

"வருமானம் கூடினா தவணையும் கூடும் தம்பி. உங்களுக்குக் கூடியிருக்கு" என்றார் அதிகாரி, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எவன் சொன்னான்?"

"உங்க வீட்லதான்."

சொல்லி வாய் மூடவில்லை, அவர் சட்டைக் காலர் இவன் கைக்கு வந்துவிட்டது. மேசை மேல் இழுத்துப்போட்டு மூக்கில் ஒரு குத்து விட்டான். பிரிண்டர் சரிந்து விழுந்தது. "என் பிள்ளை தலையில எவன்டா கல்லைத் தூக்கிப் போட்டது?" என்று அப்பா ஹெல்மெட்டால் அவர் தோளில் ஓங்கி அடித்தார். காவலாளி ஓடிவந்து தடியால் மகன் முதுகில் வெளுத்தான். ஆத்திரத்தில் அவனுக்கு அது உறைக்கவே இல்லை.

"போன்ல பேசினது ரெக்கார்டு ஆகியிருக்குய்யா!" என்று அலறிய அதிகாரி, ரத்தக் கையாலேயே பட்டனைத் தட்டினார்.

"உங்க மகனுக்குச் சம்பளம் எவ்வளவுங்க?" என்று ஒரு பெண் குரல் பவ்யமாகக் கேட்டது.

"அவனுக்கென்னம்மா, ராஜா! சேரும்போது சொன்ன சம்பளமெல்லாம் பழங்கதை. இப்ப அதுக்கு டபுள். உங்க பொண்ணு கால்மேல கால் போட்டு உக்காரலாம்!"

அப்பாவின் குரல்.

காவலாளியே தடியை இறக்கிவிட்டான்.

"பொண்ணு வீட்லேர்ந்து விசாரிக்கிறாங்கன்னு நெனச்சுட்டேன்டா" என்றார் அப்பா.

அவன் காலரை விட்டான். விட்ட கையாலேயே அப்பாவை அறைந்தான். இரண்டாவது அறையில் அவர் உதடு கிழிந்தது. அவர் தடுக்கவில்லை. பெற்றவரை அடித்துவிட்டோம் என்று அப்போதுதான் அவன் புத்திக்கு எட்டியது, கூசிப்போனான்.

"சொன்னது பொய்னு அவர் எழுதிக் குடுத்தா, பழைய தவணையே போடலாம். அடிச்சதுக்குப் போலீஸ் வரும், அது வேற" என்றார் அதிகாரி, மூக்கைப் பொத்தியபடி.

அப்பா அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தார். பிறகு மகனின் சட்டையைப் பிடித்து இழுத்து, கிழிந்த உதட்டோடு கிசுகிசுத்தார்.

"இன்னும் நாலு அடி வேணாலும் அடிச்சுக்கோ. பொண்ணு வீட்ல மட்டும் உண்மையச் சொல்லிடாதே. உன்னை எளப்பமா நெனச்சுடுவாங்கடா."

அவன் சட்டையை விடுவித்துக்கொண்டான். இனி யாரை அடிப்பது என்று தெரியாமல், பக்கத்துக் கவுண்டரின் கண்ணாடியில் முஷ்டியை ஓங்கி இறக்கினான்.